பட்டியலை மறைத்தாலும் கேன்வாஸ் பெரிதாக மாட்டேன் என்கிறது, ஜாவாஸ்கிரிப்டில் அளவை எப்படி மாற்றுவது?

பாம்பன்_தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். சித்தப்பா பாம்பனில் மீன் கமிஷன் கடை வைத்திருக்கிறார், அவருக்காக ஒரே ஒரு பக்கம் செய்துகொண்டிருக்கிறேன். இடது பக்கம் இன்றைய மீன் விலைப் பட்டியல். வலது பக்கம் ஒரு கேன்வாஸ், அதாவது ஜாவாஸ்கிரிப்டால் படம் வரைகிற பரப்பு, அதில் அடுத்த மூன்று நாளைக்கு அலை எவ்வளவு உயரம், காற்று எவ்வளவு வேகம் என்று ஒரு வரைபடம். எண்களை இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) முன்னறிவிப்பைப் பார்த்து நானே கையால் போடுகிறேன். கோட் நீளமாக இருப்பதால் இங்கே ஒட்டவில்லை, விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

பட்டியலின் நீளம் நிலையாக இருப்பதே இல்லை. விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போவதால் மறுநாள் காலையில் நண்டு, இறால், கணவாய், காரல் என்று இறங்கிக்கொண்டே போகும். மற்ற நாளில் நாட்டுப்படகு மீன் மட்டும்தான், பாதிகூட இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். உயரத்தை இத்தனை பிக்சல் என்று கட்டிப் போட்டால் ஒரு நாள் பட்டியல் பாதியில் அறுந்து நிற்கிறது, இன்னொரு நாள் கீழே வெறும் வெள்ளையாகக் கிடக்கிறது.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். ‘பட்டியலை மறை’ என்று ஒரு பட்டன் வைத்தேன். அழுத்தினால் பட்டியல் போய்விடுகிறது, வலது பக்கப் பெட்டியும் விரிகிறது, ஆனால் உள்ளே இருக்கும் கேன்வாஸ் பழைய அளவிலேயே உட்கார்ந்திருக்கிறது. திரும்ப வரைகிற ஃபங்ஷனை விண்டோவின் ரீசைஸ் ஈவென்டில் கட்டியிருக்கிறேன். போனைப் படுக்கை வாக்கில் திருப்பினால் ஒழுங்காக ஓடுகிறது, பட்டனை அழுத்தினால் கன்சோலில் ஒன்றுமே வரவில்லை. ஆனால் யாரும் எதையும் தொடாமல் சும்மா பக்கத்தை மேலே தள்ளினாலே போனில் அதே ஃபங்ஷன் ஓடி, வரைபடம் ஒரு வெட்டு வெட்டி நிற்கிறது. வேண்டிய இடத்தில் வராமல் வேண்டாத இடத்தில் வருகிறது.

கடுப்பாகி, கேன்வாஸுக்கு சிஎஸ்எஸ்ஸில் அகலம் நூறு சதவீதம் என்று போட்டுப் பார்த்தேன். விரிகிறது, ஆனால் எழுத்தெல்லாம் மங்கல். வெயிலில் படகுத் துறையில் நின்று பார்க்கிற ஆட்களுக்கு ஏற்கெனவே திரை பாதிதான் தெரியும், இதில் மங்கல் வேறு என்றால் யார் பார்ப்பார்கள். இன்னொன்றும் உண்டு. ஸ்டைலில் அகலத்துக்கு 400 என்று வெறும் எண்ணைக் கொடுத்தால் எதுவுமே நடக்கவில்லை, எரர்கூட வரவில்லை. யாராவது விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

கீழக்கரை_காக்கா:

தம்பி, ரீசைஸ் ஈவென்ட் என்பது விண்டோவுக்கு உரியது. பட்டனை அழுத்தியபோது விண்டோ மாறவில்லை, உள்ளே இருக்கிற ஒரு பெட்டிதான் மாறியது, அப்புறம் எப்படி அது கூப்பிடும்? போனில் பக்கத்தைத் தள்ளும்போது மேலே இருக்கும் முகவரிப் பட்டை மறைகிறது இல்லையா, அப்போது விண்டோவின் உள் உயரம் மாறுகிறது, அதற்குத்தான் அந்த ஈவென்ட் வருகிறது. பிரவுசர் சரியாகத்தான் நடந்துகொள்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது விண்டோவை அல்ல, கேன்வாஸைச் சுற்றியிருக்கிற பெட்டியை.

அதற்கென்றே ரீசைஸ்அப்சர்வர் இருக்கிறது. இது வருவதற்கு முன்னால் பட்ட பாடு கொஞ்சமல்ல, கண்ணுக்குத் தெரியாத ஐஃப்ரேம் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டம்) ஒன்றைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்து அதன் ரீசைஸ் ஈவென்டைக் கேட்பதெல்லாம் உண்டு, இல்லாவிட்டால் செட்இன்டர்வல் போட்டு விடாமல் அளந்துகொண்டே இருப்பது. குரோமில் 64ஆம் பதிப்பில், 2018 ஜனவரியில் வந்தது. ஃபயர்பாக்ஸ் 69இல் 2019, சஃபாரி 13.1இல் 2020. ஆகவே இன்றைக்குத் தயங்காமல் போடலாம்.

செய்முறை சின்னதுதான். ஒரு கால்பேக் ஃபங்ஷனைக் கொடுத்து (அளவு மாறும்போது பிரவுசர் கூப்பிடுகிற ஃபங்ஷன்) புதிதாக ஒரு ரீசைஸ்அப்சர்வரை உண்டாக்குங்கள், அதன் அப்சர்வ் மெத்தடுக்குப் பெட்டியைக் கொடுங்கள், அவ்வளவுதான். பெட்டியின் அளவு எந்தக் காரணத்தால் மாறினாலும் கால்பேக் வரும்: பட்டனாலோ, போனைத் திருப்பினாலோ, பட்டியல் நீண்டதாலோ. அப்சர்வ் சொன்ன உடனேயே ஒரு தடவை வரும், அதனால் முதல் தடவை வரைவதற்குத் தனியாக எழுத வேண்டாம். கால்பேக்குக்குள் என்ட்ரி என்று ஒன்று கிடைக்கும், அதில் கன்டென்ட்ரெக்ட் என்பதிலிருந்து அகலம் உயரம் எடுத்துக்கொள்ளலாம். கன்டென்ட்பாக்ஸ்சைஸ் என்றும் ஒன்று உண்டு, அது ஒரு அரே, அதன் முதல் உறுப்பில்தான் எண் இருக்கும், நேரடியாகக் கேட்டால் அன்டிஃபைன்ட் என்று வரும், பலர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பெட்டியை மறைத்தால் அளவு பூஜ்யமாக வரும், பூஜ்யத்துக்கு வரையப் போகாமல் முதல் வரியிலேயே திரும்பிவிடுங்கள்.

மங்கலுக்குக் காரணம் வேறு. கேன்வாஸுக்கு இரண்டு அளவு உண்டு. ஒன்று அதன் சொந்த வித், ஹைட் அட்ரிபியூட், ஒன்றும் சொல்லாவிட்டால் 300க்கு 150. இன்னொன்று சிஎஸ்எஸ் சொல்லும் அளவு. நீங்கள் சிஎஸ்எஸ்ஸை மட்டும் மாற்றினால் 300 பிக்சலில் வரைந்த படத்தை இழுத்து ஒட்டுகிறது. பெட்டியின் அளவை டிவைஸ்பிக்சல்ரேஷியோவால் (ஒரு சிஎஸ்எஸ் பிக்சலுக்குத் திரையில் எத்தனை பிக்சல் என்ற எண்) பெருக்கி, முழு எண்ணாக்கி, அட்ரிபியூட்டில் போடுங்கள். பிறகு வரைகிற கான்டெக்ஸ்டை அதே ரேஷியோவுக்கு ஸ்கேல் செய்யுங்கள். அட்ரிபியூட்டைத் தொட்ட உடனே கேன்வாஸ் முழுக்க அழிந்துவிடும், நிறம், எழுத்துரு, ஸ்கேல் எல்லாமே ஆரம்ப நிலைக்குப் போய்விடும், எனவே ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து வரைய வேண்டும்.

வெறும் 400 வேலை செய்யாதது ஏன் என்றால், ஸ்டைல் என்பது சிஎஸ்எஸ் எழுதுகிற இடம், அங்கே அலகு வேண்டும். 400 என்ற எண்ணோடு பிஎக்ஸ் என்ற எழுத்தைச் சேர்த்துக் கொடுங்கள். அலகு இல்லாத மதிப்பைப் பிரவுசர் கண்டுகொள்ளாது, திட்டவும் திட்டாது. கேன்வாஸின் அட்ரிபியூட்டுக்கு மட்டும் நேர்மாறு, அங்கே அலகு இல்லாத எண்தான்.

தொண்டிக்காரி:

காக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி, இந்தப் பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் தொட வேண்டிய ஒரே பொருள் அந்தக் கேன்வாஸ்தான். மற்றதையெல்லாம் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும். பட்டியலின் உயரத்தைக் கணக்குப் போட்டு ஸ்டைலில் எழுதுகிற வரி ஏதாவது இருந்தால் தூக்கி எறியுங்கள். உயரம் என்பதையே எழுதாதீர்கள், அது தானாக வரட்டும். குறைந்தபட்சம் வேண்டுமானால் மின்ஹைட். மறை பட்டனுக்கு ஒரு கிளாஸைச் சேர்த்து எடுத்தால் போதும், சிஎஸ்எஸ்ஸின் கட்ட அமைப்பான கிரிட் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

உயரத்தைக் கட்டாதே என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் வயதான வியாபாரிகள் போன் செட்டிங்கில் எழுத்தை முழுப் பெரிதாக வைத்திருப்பார்கள். 32 பிக்சல் உயரத்தில் ஒரு வரி, மிஞ்சுவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிடன் என்று போட்டிருந்தால் அவர்கள் போனில் ‘விளைமீன்’ என்பதில் ‘மீ’யின் மேல் சுழி வெட்டுப்பட்டு ‘மி’ ஆகிவிடும், ‘கு’, ‘ழு’ எல்லாம் கால் இல்லாமல் நிற்கும். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த வரி உயரம் தமிழுக்குப் போதாது. லைன்ஹைட் 1.2 என்று எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தால் 1.6 ஆக்குங்கள். நீளமான பெயர் பெட்டியைத் தாண்டி ஓடினால் ஓவர்ஃப்ளோராப் எனிவேர் போடுங்கள், பெயர் மடங்கி அடுத்த வரிக்குப் போகும்.

அகலத்துக்குத் தகுந்தபடி தோற்றம் மாற வேண்டும் என்றால் இப்போது கன்டெய்னர் குவெரி இருக்கிறது. திரை எவ்வளவு அகலம் என்று கேட்காமல், பெட்டி எவ்வளவு அகலம் என்று கேட்கிறது. குரோம் 105, சஃபாரி 16 இரண்டிலும் 2022இல் வந்தது, ஃபயர்பாக்ஸ் 110இல் 2023 பிப்ரவரியில். பட்டியல் பெட்டி குறுகலாக இருந்தால் விலையைப் பெயருக்குக் கீழே இறக்கு, அகலமாக இருந்தால் பக்கத்தில் வை, இதற்கு ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட்கூட வேண்டாம்.

உயரத்துக்கு நூறு விஎச் (திரை உயரம் முழுவதும்) போட்டிருந்தால் அதையும் பாருங்கள். போனில் முகவரிப் பட்டை தெரிகிறபோது அது திரையைவிட நீளம், அடியில் இருக்கும் பட்டன் கீழே போய்விடும். அதற்குப் பதில் டிவிஎச், அது பட்டை தெரிவதற்கும் மறைவதற்கும் தகுந்தபடி மாறும். பழைய போனுக்காக விஎச் வரியை மேலே வைத்து டிவிஎச் வரியை அதற்குக் கீழே எழுதிவிடுங்கள், தெரிந்த பிரவுசர் கீழே உள்ளதை எடுத்துக்கொள்ளும்.

முண்டுமிளகாய்:

இவ்வளவு கஷ்டம் எதற்கு, ஏதாவது சார்ட் லைப்ரரியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

பாம்பன்_தம்பி:

முண்டுமிளகாய் அண்ணே, போட்டுப் பார்த்தேன். பாலத்தைத் தாண்டினால் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், இரண்டு கோடு வரைய அவ்வளவு பெரிய ஃபைலை இறக்கச் சொல்ல மனது வரவில்லை.

காக்கா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. அப்சர்வர் போட்டேன், பட்டன் அழுத்தினால் வரைபடம் பெரிதாகிறது, எழுத்தும் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் புதிதாக இரண்டு வந்திருக்கிறது. ஒன்று, யாரும் தொடாமலேயே வரைபடப் பெட்டி கீழ்ப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டே போகிறது. நிற்கவே இல்லை, ஒரு நிமிஷம் விட்டால் பக்கம் எங்கோ போய்விட்டது. இரண்டு, பட்டியலைத் திரும்பக் காட்டினால் வரைபடம் சுருங்க மாட்டேன் என்கிறது, பட்டியலைத் தள்ளிக்கொண்டு திரைக்கு வெளியே நிற்கிறது. பெரிதாகிறது, ஆனால் சிறிதாவதில்லை. கன்சோலில் ரீசைஸ்அப்சர்வர் லூப், அன்டெலிவர்ட் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று ஏதோ வருகிறது, இதோடு சம்பந்தமா?

கீழக்கரை_காக்கா:

வளர்வது பழைய கதை, கேன்வாஸைக் கையால் வரைகிற எல்லோருக்கும் ஒரு நாள் வரும். கேன்வாஸ் இயல்பில் இன்லைன், அதாவது பிரவுசர் அதை ஒரு பெரிய எழுத்தாக நினைத்து வரியில் உட்கார வைக்கிறது. வரி என்றால் எழுத்தின் கால் தொங்குவதற்கு அடியில் சில பிக்சல் இடம் விடும். பெட்டியின் உயரத்தை அளந்து கேன்வாஸுக்குக் கொடுக்கிறீர்கள். கேன்வாஸ் உயரமும் அந்தச் சில பிக்சலும் சேர்ந்து பெட்டி கொஞ்சம் பெரிதாகிறது. பெட்டி பெரிதானது என்று அப்சர்வர் கூப்பிடுகிறது, நீங்கள் திரும்ப அளக்கிறீர்கள், கேன்வாஸ் வளர்கிறது, பெட்டி வளர்கிறது. டிஸ்பிளே பிளாக் என்று போட்டால் அந்தச் சில பிக்சல் போய்விடும், வளர்ச்சி நின்றுவிடும்.

ஆனால் நான் அதோடு நிறுத்த மாட்டேன். உள்ளே இருப்பது வெளியே இருப்பதன் அளவைத் தீர்மானிக்கிறது, வெளியே இருப்பது உள்ளே இருப்பதைத் தீர்மானிக்கிறது என்ற நிலையே இருக்கக் கூடாது. பெட்டிக்கு பொசிஷன் ரிலேட்டிவ், கேன்வாஸுக்கு பொசிஷன் ஆப்சல்யூட், நான்கு பக்கமும் பூஜ்யம். இப்போது கேன்வாஸ் என்ன ஆட்டம் போட்டாலும் பெட்டியைத் தள்ள முடியாது. பெட்டியின் உயரத்தை ஆஸ்பெக்ட்ரேஷியோவால் (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) கொடுத்துவிடுங்கள், 16க்கு 9 என்றோ 4க்கு 3 என்றோ.

உங்கள் இரண்டாவது சிக்கலும் இதிலேயே தீர்ந்துவிடும். பெட்டிகளை அடுக்கும் ஃபிளெக்ஸ், கிரிட் இரண்டிலும் உள்ளே இருக்கும் ஒரு பிள்ளைப் பெட்டி தன் உள்ளடக்கத்தைவிடச் சிறிதாகாது என்பது இயல்பு விதி. கேன்வாஸுக்கு நீங்கள் 700 பிக்சல் என்று எழுதிய பிறகு அந்தப் பெட்டி 700க்குக் கீழே இறங்காது, இறங்காததால் அப்சர்வர் கூப்பிடாது, கூப்பிடாததால் கேன்வாஸ் சுருங்காது. ஆப்சல்யூட் போட்டால் அது உள்ளடக்கக் கணக்கிலேயே வராது. கூடவே பெட்டிக்கு மின்வித் பூஜ்யம் என்றும் போட்டுவிடுங்கள்.

லூப் எரர் பற்றி. கால்பேக்குக்குள் நீங்கள் அளவை மாற்றினால், அதனால் இன்னொரு பெட்டி மாறலாம், இல்லை அதே பெட்டியே மாறலாம். பிரவுசர் அதே ஃப்ரேமுக்குள் திரும்பவும் பார்க்கும், ஆனால் பக்கத்தின் எலிமென்ட் மரத்தில் இன்னும் ஆழத்தில் இருக்கிற எலிமென்டுகளுக்கு மட்டும்தான் கால்பேக் அனுப்பும். மற்றதையெல்லாம் அடுத்த ஃப்ரேமுக்குத் தள்ளிவிட்டு, அனுப்பாமல் மிச்சம் வைத்திருக்கிறேன் என்று அந்த வாசகத்தைப் போடுகிறது. முடிவில்லாமல் சுற்றித் திரை உறைந்துவிடாமல் இருக்க வைத்த தடுப்பு அது. பக்கம் நின்றுவிடாது, ஆனால் வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள், எங்கோ பெட்டியும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று துரத்துகிறது என்று அர்த்தம். சிலர் ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேமுக்குள் வேலையைத் தள்ளிவிட்டு எரர் போய்விட்டது என்பார்கள், எரர் போகும், துரத்தல் போகாது.

மண்டபம்_ரயிலடி:

இடையில் நுழைகிறேன். தம்பி, அட்டைகளின் உயரத்தைச் சமப்படுத்துகிற கோட் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? விலைப் பட்டியல் செய்கிற எல்லோரும் அதை வைத்திருப்பார்கள், அதனால் கேட்கிறேன். ஒவ்வொரு அட்டையின் ஆஃப்செட்ஹைட்டைப் படி, ஸ்டைலில் உயரத்தை எழுது, அடுத்த அட்டையைப் படி, எழுது என்று லூப் ஓடினால் பழைய போன் திணறிவிடும். ஸ்டைலில் எழுதும்போது பிரவுசர் சோம்பேறியாக அதைக் குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும், கணக்குப் போடாது. நீங்கள் உடனே இன்னொன்றின் உயரத்தைக் கேட்டால் பொய் சொல்ல முடியாதே, பக்கம் முழுக்க அப்போதே கணக்குப் போட்டாக வேண்டும். ஏலத்தில் ஒவ்வொரு நண்டாகத் தராசில் வைத்து ஒவ்வொன்றுக்கும் பில் போட்டுக் கொடுக்கிற மாதிரி. முதலில் எல்லாவற்றையும் படித்து ஒரு அரேயில் வையுங்கள், அப்புறம் எல்லாவற்றையும் எழுதுங்கள், ஒரே கணக்கில் முடிந்துவிடும். உண்மையில் கிரிட் போட்டால் ஒரே வரிசையில் இருக்கிற அட்டைகள் தானாகவே சம உயரமாகத்தான் நிற்கும், அந்தக் கோட் எழுதவே வேண்டாம்.

எதால் அளப்பது என்பதிலும் கவனம். ஆஃப்செட்வித் என்பது பார்டர், பேடிங், ஸ்க்ரோல்பார் எல்லாம் சேர்த்தது. கிளையன்ட்வித் என்பது பேடிங் சேரும், பார்டரும் ஸ்க்ரோல்பாரும் சேராது. இரண்டும் முழு எண்ணாகத்தான் தரும். கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட் தசமத்தோடு தரும், ஆனால் டிரான்ஸ்ஃபார்மில் ஸ்கேல் செய்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லும், மற்ற இரண்டும் சொல்லாது. ஒன்றில் அளந்து இன்னொன்றுக்காக எழுதினால் பார்டர் அளவுக்குத் தள்ளிப்போய் நிற்கும். எல்லாவற்றுக்கும் பாக்ஸ்சைசிங் பார்டர்பாக்ஸ் என்று ஒரு வரி மேலே போட்டுவிட்டால் பாதி தலைவலி போகும்.

பாம்பன்_தம்பி:

அந்தக் கோட் இருந்தது ரயிலடி அண்ணே, தூக்கிவிட்டேன். வளர்வதும் நின்றது, சுருங்கவும் செய்கிறது. சித்தப்பா பார்த்துவிட்டு, படத்தைத் தொட்டால் அந்த நேரத்து அலை உயரம் ஒரு சின்னப் பெட்டியில் வர வேண்டும் என்றார், அதையும் செய்தேன். தூக்குப்பாலம் திறக்கிற நேரம் தெரிந்தால் மேலே ஒரு பட்டையாகப் போடச் சொன்னார்கள் படகுக்காரர்கள், அதையும் போட்டேன். இப்போது அந்தப் பட்டை வந்துவிட்டால் தொடுகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி வேறு நேரத்து எண் வருகிறது. அப்சர்வர் கால்பேக்கில்தான் கேன்வாஸின் இடத்தை எடுத்து வைத்திருக்கிறேன், பட்டை வரும்போது அது ஏன் கூப்பிடவில்லை?

அப்புறம் பட்டியலுக்கும் வரைபடத்துக்கும் நடுவில் ஒரு பிடி வைத்து இழுத்தால் அகலம் மாறும்படி செய்தேன். லேப்டாப்பில் மவுஸால் நன்றாக ஓடுகிறது. போனில் விரலால் இழுத்தால் பக்கம்தான் நகர்கிறது, பிடி நகரவில்லை.

தொண்டிக்காரி:

பட்டை வந்தபோது கேன்வாஸின் அளவு மாறவில்லை, இடம் மட்டும் கீழே இறங்கியது. ரீசைஸ்அப்சர்வர் அளவை மட்டும்தான் சொல்லும், இடத்தைச் சொல்லாது. இடத்தை எடுத்துச் சேமித்து வைக்காதீர்கள், விரல் பட்ட நேரத்தில் கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்டைக் கேட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு தொடுதலுக்கு ஒரு அளவை, அதனால் வேகம் ஒன்றும் குறையாது.

பிடியைப் பொறுத்தவரை, மவுஸ் ஈவென்டுகளை விட்டுவிட்டு பாயின்டர் ஈவென்டுக்கு மாறுங்கள், மவுஸ், விரல், பேனா மூன்றுக்கும் ஒன்றேதான். பாயின்டர்டவுன் வந்ததும் அந்தப் பிடியின் மேல் செட்பாயின்டர்கேப்சர் கூப்பிட்டுவிட்டால், விரல் பிடியை விட்டு விலகி ஓடினாலும் நகர்வெல்லாம் பிடிக்கே வரும், டாக்குமென்ட் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். விரலால் இழுக்கும்போது பக்கம் நகர்வதை நிறுத்தப் பிடிக்கு மட்டும் டச்ஆக்ஷன் நன் என்று சிஎஸ்எஸ்ஸில் போட வேண்டும், இது இல்லாவிட்டால் பிரவுசர் ஸ்க்ரோல் என்று எடுத்துக்கொண்டு பாதியிலேயே பாயின்டர்கேன்சல் அனுப்பிவிடும், உங்களுக்கு இப்போது நடப்பது அதுதான். பிடிக்கு மட்டும் என்பதைக் கவனியுங்கள், பெட்டி முழுக்கப் போட்டால் மக்களால் பக்கத்தையே தள்ள முடியாது.

இழுக்கும்போது இரண்டு பெட்டிகளின் ஸ்டைலிலும் எழுதாதீர்கள். சிஎஸ்எஸ்ஸில் ஒரு வேரியபிள் வைத்து, கிரிட்டின் முதல் நெடுவரிசையின் அகலம் அந்த வேரியபிள் என்று சொல்லி, ஜாவாஸ்கிரிப்ட் அந்த ஒன்றை மட்டும் மாற்றட்டும். கிளாம்ப் போட்டுக் குறைந்தது இவ்வளவு, அதிகம் இவ்வளவு என்று அங்கேயே கட்டிவிடலாம். பிடியின் அகலம் கண்ணுக்கு மெல்லிய கோடாக இருக்கட்டும், ஆனால் தொடும் பரப்பு விரல் அளவுக்கு வேண்டும். வலை இழுத்துக் காய்த்துப் போன விரல் இரண்டு பிக்சல் கோட்டைப் பிடிக்காது.

நேர்மையாகச் சொன்னால் போனில் அந்தப் பிடியே எனக்குத் தேவையாகத் தெரியவில்லை. குறுகலான திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டுப் பிடியை மறைத்துவிடுவேன்.

மண்டபம்_ரயிலடி:

நானும் அக்கா கட்சிதான். இன்னொன்று, கேன்வாஸில் தமிழ் எழுதுகிறீர்கள் என்றால் எழுத்துரு இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். சாதாரண எச்டிஎம்எல் எழுத்து என்றால் எழுத்துரு தாமதமாக வந்தாலும் பிரவுசர் தானே மாற்றிவிடும், அதனால் பெட்டி அளவு மாறினால் அப்சர்வரும் கூப்பிடும். கேன்வாஸ் அப்படி இல்லை, வரைந்தது வரைந்ததுதான், பின்னால் எழுத்துரு வந்து சேர்ந்தாலும் திரும்பிப் பார்க்காது. அந்த எழுத்துருவைப் பக்கத்தில் வேறெங்கும் பயன்படுத்தவில்லை என்றால் முன்கூட்டி இறக்கவும் இறக்காது. டாக்குமென்டின் ஃபான்ட்ஸ் என்பதில் லோட் என்று கேட்டு, அது முடிந்த பிறகு ஒரு தடவை வரையுங்கள். உங்கள் ஊர் சிக்னலில் இது கட்டாயம்.

பாம்பன்_தம்பி:

பிடியைப் போனில் எடுத்துவிட்டேன், லேப்டாப்பில் மட்டும் இருக்கிறது. எழுத்துருவும் சரி. கடைசியாக ஒன்று. இந்தப் பக்கத்தைச் சங்கத்தின் வெப்சைட்டில் ஐஃப்ரேமாக வைக்கிறேன் என்கிறார்கள். வைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு ஸ்க்ரோல்பார், வெளியே ஒரு ஸ்க்ரோல்பார். உயரத்தை வெளிப்பக்கத்திலிருந்து கேட்டால் அனுமதி இல்லை என்று எரர்.

கீழக்கரை_காக்கா:

டொமைன் வேறு என்றால் வெளியே இருப்பவர் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, அது பாதுகாப்பு விதி, சுற்றிப் போக வழி தேடாதீர்கள். உள்ளே இருக்கும் உங்கள் பக்கமே தன் உயரத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்தின் பாடி எலிமென்டின் மேல் ஒரு ரீசைஸ்அப்சர்வர், கால்பேக்கில் பேரன்டுக்கு போஸ்ட்மெசேஜ், அதில் உயரம். வெளிப்பக்கத்தில் மெசேஜ் ஈவென்டைக் கேட்டு ஐஃப்ரேமின் உயரத்தை மாற்றச் சொல்லுங்கள். அனுப்பும்போது யாருக்கும் போகலாம் என்று பொருள்படும் நட்சத்திரக் குறி போடாமல் சங்கத்தின் முகவரியையே எழுதுங்கள், வாங்குகிற பக்கத்தில் ஈவென்டின் ஆரிஜின் உங்கள் முகவரிதானா என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணை எடுக்க வேண்டும், எண்தானா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு குழி இருக்கிறது. உயரத்தை டாக்குமென்ட்எலிமென்டின் ஸ்க்ரோல்ஹைட்டிலிருந்து எடுக்காதீர்கள், அது ஃப்ரேமின் உயரத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது. செவ்வாய்க்கிழமை நீண்ட பட்டியலுக்கு வளர்ந்த ஃப்ரேம் பட்டியல் சுருங்கின பிறகும் அப்படியே நிற்கும், தடைக்காலத்தில் பாதிப் பக்கம் காலியாக இருக்கும். பாடியின் உயரத்தையே அளந்து அனுப்புங்கள், மேலும் கீழும் மார்ஜின் இருந்தால் எடுத்துவிடுங்கள். அடுத்தது, ஐஃப்ரேமுக்குள் விஎச் என்றால் ஃப்ரேமின் உயரம். உள்ளே எங்காவது நூறு விஎச்சோடு கொஞ்சம் பேடிங்கும் இருந்தால் ஃப்ரேம் வளர விஎச் வளரும், விஎச் வளர ஃப்ரேம் வளரும், பழையபடி பக்கம் ஓடிவிடும். அக்கா சொன்ன டிவிஎச்சும் உள்ளே அதே மாதிரிதான், இந்தப் பக்கத்தில் இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

பாம்பன்_தம்பி:

வேலை செய்கிறது காக்கா. சங்கத்து ஆள் ஒருவரின் போனில் மட்டும் வரைபடம் வரவே இல்லை, ரொம்பப் பழைய போன். ரீசைஸ்அப்சர்வர் டிஃபைன் ஆகவில்லை என்று வருகிறது.

கீழக்கரை_காக்கா:

விண்டோவில் அது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் பழையபடி விண்டோ ரீசைஸ் ஈவென்ட், அதில் கிளையன்ட்வித் மாறியிருந்தால் மட்டும் வரை, உயரம் மாறினால் கண்டுகொள்ளாதே. பட்டனை அழுத்துகிற இடத்திலும் வரைகிற ஃபங்ஷனை நேரடியாக ஒரு தடவை கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் போனில் பழைய சிக்கல் அப்படியே இருக்கும். அந்தப் போனில் ஆஸ்பெக்ட்ரேஷியோவும் தெரியாது, குரோம் 88இல்தான் வந்தது அது. கேன்வாஸ் ஆப்சல்யூட்டில் இருப்பதால் பெட்டி உயரம் பூஜ்யமாகிவிடும், அதனால் பெட்டிக்கு பேடிங்பாட்டம் 56.25 சதவீதம் கொடுங்கள், 16க்கு 9க்கு அதுதான் கணக்கு. ஆஸ்பெக்ட்ரேஷியோ தெரியுமா என்று பிரவுசரைக் கேட்கும் சப்போர்ட்ஸ் விதிக்குள் வைத்துப் புதிய பிரவுசருக்கு அதைப் பூஜ்யமாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து உயரம் எக்கச்சக்கமாகிவிடும்.